மாலை நாலு மணிக்குப் பிறகு

நாலு மணி தாண்டினால் அப்பா வேறு ஆளாகிவிடுவார். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பழைய புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து வாசல் கதவருகே போய் நிற்பார். தாழ்ப்பாளைத் திருகுவார். "நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார். "இதுதானே அப்பா நம் வீடு" என்பேன். முகம் சிவக்கும். "என்னைத் தடுக்க நீ யார்?" என்று கேட்பார். நான் இன்னும் சற்றுக் குரலை உயர்த்தி அதையே மறுபடி சொல்வேன். ஆறு மணிக்குள் இரண்டு பேருக்கும் கை நடுங்கும். ஒன்பது மணிக்கு மேல் அவர் ஓய்ந்து படுத்துவிடுவார். எனக்குத் தூக்கம் வராது.

அல்சைமர் என்று தெரியவந்து மூன்றாவது ஆண்டு அது. மறதி நோய் என்ற பெயரைக் கேட்டுப் பழகியதால் மறதிக்கு மட்டுமே மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். பெயர் மறக்கும், முகம் மறக்கும், வழி மறக்கும் என்று. பொழுது சாயும்போது மூளும் இந்தக் கலவரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பிடிவாதம் என்றே நினைத்தேன். வாழ்நாளெல்லாம் குரல் உயர்த்தாத மனிதர் கடைசியில் என்மேல் மட்டும் எரிந்து விழுகிறாரே என்று அழுதிருக்கிறேன்.

முதியோர் நல மருத்துவர் ஒருவர்தான் கேட்டார்: "எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?"

"சாயங்காலம், டாக்டர்."

"மணி சொல்லுங்கள்."

சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நடந்ததை மட்டுமல்லாமல், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்பதையும் எழுத வேண்டும் என்றார்.

எழுதினேன். 14 நாட்களில் 11 நாள் கலவரம். ஒன்றுகூட விடாமல் அத்தனையும் நாலரைக்கும் ஏழுக்கும் நடுவில். அவற்றில் 8 நாட்களில், முந்தைய ஒரு மணி நேரக் கட்டத்தில் என் கையெழுத்திலேயே காரணம் இருந்தது: குளிக்கக் கூப்பிட்டேன்; பார்க்க ஆட்கள் வந்தார்கள்; அம்மா இறந்துவிட்டதை எடுத்துச் சொன்னேன். படித்தபோது நெஞ்சை அடைத்தது. அவருடைய ஒரு நாளில் தாங்குவதற்கே பலமில்லாத நேரம் எதுவோ, அந்த நேரத்தில்தான் நான் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவைத்திருக்கிறேன்.

டாக்டர் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு வரைந்தார். இடது ஓரத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு பகல் முழுவதும் சரிந்து, நள்ளிரவில் தரையைத் தொடும் கோடு. "இது நல்ல உடம்பில் ஒரு நாளைய கார்டிசோல்" என்றார். அதன் மேலேயே இன்னொரு கோடு போட்டார். அது காலையில் அவ்வளவு ஏறவில்லை. மாலையில் அவ்வளவு இறங்கவும் இல்லை. மேடும் பள்ளமும் தேய்ந்துபோன நிலம் மாதிரி இருந்தது.

மன அழுத்த ஹார்மோன் என்று சொல்லிச் சொல்லியே கார்டிசோலுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம். அது இல்லாவிட்டால் காலையில் நம்மால் எழுந்து நிற்க முடியாது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, உடம்பை அன்றைய வேலைக்கு அணியம் செய்வது அதுதான். கண் விழிப்பதற்கு முன்பே ஏறத் தொடங்கி, விழித்த 30 முதல் 45 நிமிடங்களுக்குள் இன்னும் ஒரு தாவு தாவுகிறது. விழித்த கணத்தில் இருந்த அளவுக்கு மேல் பாதி அளவு கூடுவது சாதாரணம். அதன் பிறகு பொழுதோடு சேர்ந்து இறங்குகிறது. அந்த இறக்கத்திலும் ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை சிறு சிறு துடிப்புகளாகத்தான் சுரக்கிறது. உறக்கம் பிடித்த முதல் சில மணி நேரத்தில் மிகக் குறைவாக இருக்கும். ஆக, அதிகமா குறைவா என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த நேரத்தில் அதிகம், எந்த நேரத்தில் குறைவு என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த நேரக்கணக்கை வைத்திருப்பது மூளையின் அடிப்பகுதியில், ஹைபோதலாமஸில் இருக்கும் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள். கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்துகொள்கிறது. அங்கிருந்து உத்தரவு பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. பிட்யூட்டரி சொல்ல, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசோலைச் சுரக்கின்றன. போதுமான அளவு சுரந்ததும் நிறுத்தச் சொல்லவும் மூளையில் ஆள் வேண்டும். அந்த வேலையில் பெரிய பங்கு ஹிப்போகாம்பஸுக்கு. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் அதே பகுதிதான். வயலில் தண்ணீர் நிறைந்ததும் மதகை அடைப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலிகளின் உடம்பில் கார்டிசோலின் வேலையைச் செய்யும் ஹார்மோன் அவற்றின் ஹிப்போகாம்பஸில்தான் போய் அதிகமாகத் தங்குகிறது என்று 1968-ல் மூளை ஆய்வாளர் புரூஸ் மெக்யூவன் குழுவினர் கண்டறிந்தார்கள். அதுவரை இந்த ஹார்மோனுக்கும் நினைவுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கும் என்று யாரும் பெரிதாக எண்ணியிருக்கவில்லை.

அல்சைமர் முதலில் அரிக்கத் தொடங்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. மதகை அடைப்பவன் தளர்ந்தால் என்ன ஆகும்? தண்ணீர் நிற்காமல் ஓடும். ஓடும் தண்ணீர் அவனையே மேலும் அரிக்கும். 1986-ல் ராபர்ட் சபோல்ஸ்கி, லூயிஸ் கிரே, மெக்யூவன் மூவரும் முன்வைத்த கருதுகோள் ஏறத்தாழ இதுதான். இது முதுமையைப் பற்றியும் மூளையைப் பற்றியும் எழுப்பிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. நோய் கார்டிசோலைக் கூட்டுகிறதா, கார்டிசோல் நோயைக் கூட்டுகிறதா என்பதில் முடிந்த முடிவு இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று கருத இடம் இருக்கிறது. போதாததற்கு, கடிகாரத் திரளின் அணுக்களும் இந்நோயில் குறைகின்றன. நெதர்லாந்தில் டிக் ஸ்வாப் குழுவினர் 1985-லேயே இதை எழுதினார்கள்.

அல்சைமர் உள்ளவர்களில் பல ஆய்வுகள் கண்டது இது: சராசரி கார்டிசோல், அதே வயதுடைய மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், மாலையில் இறங்க வேண்டியது சரியாக இறங்குவதில்லை. டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டை இரவில் கொடுத்தால், நல்ல உடம்பு "போதும்" என்று புரிந்துகொண்டு மறுநாள் காலைச் சுரப்பை அடக்கிக்கொள்ளும். இந்நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு அப்படி அடங்குவதில்லை. எல்லோருக்கும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறுகிறது. மாலைக் கலவரத்துக்கும் கார்டிசோல் ஒன்றே காரணம் என்று யாரும் நிறுவவில்லை. பகல் முழுக்கத் திரண்ட களைப்பு, மங்கும் வெளிச்சம், நீளும் நிழல், பசி, வலி எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்த அன்றுதான் என் கோபம் போனது. அப்பா என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவருக்குள் பொழுது சாயவே இல்லை.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குப் பணம் மிஞ்சும், வேதனை குறையும் என்பதால். கார்டிசோலைப் பற்றித் தெரிந்துகொண்ட வேகத்தில், யாரையும் கேட்காமல் அப்பாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் காத்திருந்து, ஊசிக்குப் பயந்து அவர் கையை இழுத்துக்கொண்டு கத்தி, மூன்றாவது முயற்சியில்தான் ரத்தம் எடுக்க முடிந்தது. அப்போது மணி 11. முடிவுத்தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. இரண்டு இரவு தூங்கவில்லை. அட்ரீனலில் கட்டி இருக்குமோ என்றெல்லாம் நினைத்தேன்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "ரத்தம் எடுக்கும்போது அமைதியாக இருந்தாரா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. அஞ்சி நடுங்கும் மனிதருக்குச் சுமார் 20 முதல் 30 நிமிடங்களில் கார்டிசோல் உச்சத்தைத் தொடும். நாங்கள் அளந்தது அவருடைய நோயை அல்ல, அந்த ஊசியை. ரத்தத்தில் உள்ள கார்டிசோலில் 90 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. செயல்படுவது மிச்சம் இருக்கும் சிறு பகுதிதான், உமிழ்நீரில் கிடைப்பதும் அதுதான். அதனால் நாள் முழுவதுமான போக்கை அறிய ஆய்வாளர்கள் உமிழ்நீரைப் பல வேளைகளில் எடுக்கிறார்கள். நெடுநாள் அளவுக்கு முடியைப் பயன்படுத்துகிறார்கள். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் ஏறக்குறைய மூன்று மாதக் கதையைச் சொல்லும். உமிழ்நீரையும் ஒரு முறை முயன்றோம். வாயில் வைக்கும் பஞ்சுச் சுருளை அப்பா மென்று விழுங்கப் பார்த்தார். விரலை விட்டு எடுத்தேன். அன்றோடு அதை நிறுத்தினேன். கார்டிசோல் அளவு என்பது கஷிங் நோய் (கார்டிசோல் மிகையாவது), அட்ரீனல் குறைபாடு போன்றவை இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகித்தால் கேட்கும் பரிசோதனை. அல்சைமரையோ பார்க்கின்சனையோ அதை வைத்துக் கண்டறிய முடியாது. அந்த எண்ணைப் பார்த்து வீட்டில் எதையும் மாற்றவும் முடியாது. என் நோட்டு அதைவிட ஆயிரம் மடங்கு பயன்பட்டது.

நாங்கள் முதலில் மாற்றியது காலையை. மாலைப் பிரச்சினைக்குக் காலையில் மருந்து தேடுவது எனக்கே விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் கடிகாரம் திருத்தப்படுவது காலையில்தான். அப்பா எழுவதற்கு நேரம் வைத்திருந்தோம். அந்த நேரத்தில் திரைச்சீலையைத் திறப்பேன், தோளைத் தொட்டுப் பேர் சொல்லாமல் சற்று நேரம் அப்படியே நிற்பேன். தானாகக் கண் திறப்பார். விழித்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வெளிச்சத்தில் உட்கார வைப்போம், அரை மணி முதல் முக்கால் மணி வரை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள்; வீட்டுக்குள் விளக்கு எரிந்தாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய வானத்தின் கீழேகூட அது பல ஆயிரம். நம் கண் இரண்டையும் "வெளிச்சம்" என்றே எடுத்துக்கொள்கிறது, மூளைக் கடிகாரம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

நெதர்லாந்தில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 முதியோர் இல்லங்களில் 189 பேரைக் கவனித்தார்கள். சில இல்லங்களில் பகல் முழுவதும் கூடத்தில் சுமார் 1000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும்படி விளக்குகளைப் பொருத்தினார்கள். அங்கே இருந்தவர்களின் அறிவாற்றல் சரிவு சற்று மெதுவானது, மனச்சோர்வும் குறைந்தது. பெரிய மாற்றம் என்று அவர்களும் சொல்லவில்லை. எனக்கு அந்தச் "சற்று" போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் மூன்றாவது வாரத்தில் பகல் தூக்கம் குறைந்தது. ஆறாவது வாரத்தில் கதவருகே போய் நிற்கும் நாட்கள் பாதியாகின. வேறு மாற்றங்களையும் அதே சமயத்தில் செய்ததால், வெளிச்சத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

குளியல்தான் பெரிய பாடம். அதுவரை மாலையில் குளிப்பாட்டினேன், இரவு நன்றாகத் தூங்குவார் என்று. அவருக்கோ அது: யாரோ ஒருத்தி வந்து ஆடையைக் களைகிறாள், குளிர்கிறது, தண்ணீர் முகத்தில் விழுகிறது, தரை வழுக்குகிறது. இதற்குமேல் ஒரு மனிதனை அச்சுறுத்த என்ன வேண்டும்? முற்பகல் பத்தரைக்கு மாற்றினோம். அறையை முதலில் சூடாக்கி வைத்தோம். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, அதன் மேலேயே தண்ணீர் ஊற்றினோம். "இப்போது இடது கை, அப்பா" என்று ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொன்னேன். தலைக்குத் தண்ணீர் கடைசியில், சில நாள் இல்லாமலேயே. குவளையை அவர் கையில் கொடுத்ததும் தானே ஊற்றிக்கொண்டார். எதிர்ப்பில் முக்கால்வாசி அங்கேயே கரைந்தது. நடப்பது தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு அழுத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று படித்திருக்கிறேன்; அந்தக் குவளையில்தான் அதைப் பார்த்தேன்.

மாலையில் செய்வதைவிட, செய்யாமல் விடுவதே அதிகம். நாலு மணிக்கு மேல் விருந்தினர் வேண்டாம் என்று உறவுகளிடம் வெளிப்படையாகச் சொன்னேன், சிலருக்கு வருத்தம். தொலைக்காட்சிச் செய்தியை நிறுத்தினேன், அதில் வரும் கூச்சல் அவருக்கு அறைக்குள்ளேயே நடப்பதாகத் தோன்றியது. பொழுது சாயும் முன்பே, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவோம். இருட்டு வந்ததே தெரியாது. இரவு படுக்கும் முன் ஒவ்வொன்றாக அணைப்போம். காபி, தேநீரை மதியத்துக்குப் பின் நிறுத்தினோம்.

கேள்வி கேட்பதையும் விட்டேன். "நான் யார் சொல்லுங்கள் பார்க்கலாம்?" என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனால் விடை தெரியாத பரீட்சையை ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை எழுதுவார்? இப்போது வருகிறவர்கள், "நான் இன்னார், உங்களைப் பார்க்க வந்தேன்" என்று தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

"வீட்டுக்குப் போக வேண்டும்" என்பதற்கு இப்போது நான் வீட்டு முகவரியைச் சொல்வதில்லை. "வீட்டில் யார் இருப்பார்கள், அப்பா?" என்று கேட்கிறேன். பாட்டியைப் பற்றிச் சொல்வார். சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். அப்பா என்னைச் சின்ன வயதிலிருந்தே "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். "வாம்மா, போம்மா" என்று. இப்போது அவர் "அம்மா" என்னும்போது மகளைக் கூப்பிடுகிறாரா, தன் தாயைக் கூப்பிடுகிறாரா என்று தெரிவதில்லை. முன்பு திருத்துவேன். இப்போது, "இங்கேதான் இருக்கிறேன்" என்கிறேன். இரண்டு பேருக்குமே அது சரியான பதில்.

திருத்துவதைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மிக அதிகமாக வருந்துவது அதற்குத்தான். அம்மா எங்கே என்று கேட்டார், இறந்துவிட்டார் என்றேன். முதல் முறை கேட்பவரைப் போல உடைந்து அழுதார். கால் மணியில் கேட்டதையும் பதிலையும் மறந்தார். துயரமும் போயிருக்கும் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். போகவில்லை. 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் பார்த்தவற்றை அவர்கள் பெரும்பாலும் மறந்தார்கள். உணர்ச்சியோ அப்படியே நின்றது. காட்சியைக் குறைவாக நினைவு வைத்திருந்தவர்களிடம் சோகம் இன்னும் நீடித்தது. எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே துக்கத்தில் இருப்பது எப்படி இருக்கும்? அப்பாவை நான் பலமுறை அங்கே தள்ளியிருக்கிறேன். அந்த ஆய்வின் மறுபாதிதான் எனக்கு ஆறுதல்: மகிழ்ச்சியும் அதேபோல், காரணம் மறந்த பிறகும் தங்கியது.

இதிலிருந்து வந்தது எங்கள் ஒரு மணி நேர வழக்கம். ரத்தத்தில் ஏறிய கார்டிசோல் பாதியாகக் குறைவதற்கே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. ஒரு கலவரம் அடங்கியதும், "சரி, முடிந்ததே, மாத்திரையைப் போடுங்கள்" என்று கையை நீட்டினால் மறுபடி வெடிக்கும்; முன்பெல்லாம் தினமும் அப்படித்தான் நடந்தது. இப்போது அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் எதையும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பேன், அவரும் சேர்ந்து மடிப்பார். நேரம் தவறக் கூடாத மருந்துகளைக் கலவர நேரத்தில் வராதபடி டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டோம்.

மருந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூச்சிரைப்பு வந்தபோது அப்பாவுக்கு ஒரு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். கார்டிசோலின் உறவுக்கார மருந்து அது. மூன்றாம் நாளே இரவெல்லாம் நடந்தார், சுவரோடு பேசினார். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். அவருக்கு நான் மாலையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அளவைக் காலைக்கு மாற்றினார், உடம்பின் இயல்பான ஏற்றம் அப்போதுதான் என்பதால். 2000-ல் வெளியான ஒரு சோதனையில், மூளையின் அழற்சி தணியுமோ என்ற நம்பிக்கையில், அல்சைமர் நோயாளிகளுக்கு ஓராண்டு குறைந்த அளவில் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறிவாற்றலில் பயன் இல்லை. நடத்தை, அந்த மருந்து பெறாதவர்களைவிட மோசமானது. ஆகையால் இந்நோய் உள்ளவருக்கு யார் ஸ்டீராய்டு எழுதினாலும் டிமென்ஷியா (மறதி நோய்) இருப்பதைச் சொல்லுங்கள், காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பயந்து நடுவில் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. கார்டிசோலைக் குறைக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளை நான் வீட்டுக்குள் விடவில்லை. மற்ற மருந்துகளோடு அவை என்ன செய்யும் என்று விற்பவர் சொல்லப்போவதில்லை.

பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன். அவரிடம் இதே கதை வேறு உருவில் இருந்தது. அந்நோயிலும் கார்டிசோல் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அழுத்தம் அவரிடம் முதலில் கையில் தெரியும். பரிசோதனையில் டாக்டர் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். 93, 86 என்று போவதற்குள், மடியில் அமைதியாகக் கிடந்த வலது கை துள்ளத் தொடங்கியது. நொடிகளில் வரும் இந்த நடுக்கத்துக்குக் கார்டிசோலைவிட வேகமாக வேலை செய்யும் நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருள்தான் முக்கியக் காரணம் என்று டாக்டர் விளக்கினார். அழுத்தமான நேரத்தில் பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தின் பிடியும் நடுக்கத்தின் மேல் தளர்ந்துவிடுகிறது. பெரியப்பா மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைத் தானே கூட்டிக்கொள்ளப் பார்த்தார். வெளியே கிளம்பும் நாளில்தான் அப்படி. "சீக்கிரம், சீக்கிரம்" என்று பெரியம்மா வாசலில் நிற்கும் நாளில். அரை மணி முன்னதாகக் கிளம்பத் தொடங்கினார்கள். சட்டைப் பொத்தான் போடும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று பெரியம்மா ஒரு விதி வைத்தார்.

இன்னொரு முக்கியமான செய்தி. நோட்டில் எழுதிவந்ததால்தான் இதைப் பிடிக்க முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே அப்பா கலவரமானார். அடுத்த நாள் பகல் முழுவதும் மயக்கமும் பிதற்றலுமாக இருந்தார். ஒழுங்காக மாலையில் வருவது காலையில் வருகிறதே என்று அன்றே அழைத்துப்போனோம். சிறுநீர்த் தொற்று. காய்ச்சல்கூட இல்லை. தொற்று, வலி, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து, இவை எல்லாமே உடம்புக்கு அழுத்தம்தான். அவரால் சொல்லத் தெரியாது. நரம்புச் சிதைவு நோய்கள் மாதக்கணக்கில் நகரும். ஓரிரு நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால் அது நோய் முற்றியது என்று உட்கார்ந்துவிடக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

என் உடம்பில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில்தான் பார்த்தேன். மூன்று மணிக்கு விழிப்பு, நெஞ்சு படபடப்பு, பிறகு தூக்கமே இல்லை. காலில் ஒரு சிறு வெட்டுக் காயம் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தது. சர்க்கரை இல்லை. டாக்டர்தான் 1995-ல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் செய்த ஆய்வைச் சொன்னார்: டிமென்ஷியா உள்ள உறவினரைப் பராமரித்த 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம் ஏற்படுத்திக் கவனித்தார்கள். பராமரித்தவர்களின் காயம் ஆற சுமார் 9 நாள் கூடுதலாக ஆயிற்று. அதைக் கேட்டு நான் அழுதேன். களைப்பாக இருக்கிறது என்று சொல்வதற்கே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அப்பாவைவிட நான் என்ன கஷ்டப்பட்டுவிட்டேன் என்று.

அதோடு, என் பதற்றம் அவருக்கு உடனே தொற்றியது. சொற்கள் புரியாமல் போன பிறகும் குரலும் முகமும் அவருக்குப் புரிந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இனிமையாகப் பேசிய மாலைகள் எல்லாம் நோட்டில் கலவரமாகத்தான் முடிந்திருக்கின்றன.

தம்பியிடம் நோட்டைக் கொடுத்தேன். முன்பு பலமுறை உதவி கேட்டிருக்கிறேன், "என்ன செய்ய வேண்டும் சொல், அக்கா" என்பான், எனக்கும் சொல்லத் தெரியாது. இந்த முறை நேரத்தைக் காட்டினேன். நாலரை முதல் ஏழு வரை, வாரத்தில் நாலு நாள். அந்த இரண்டரை மணி நேரம்தான் வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தான். முதல் நாள் நான் அடுத்த அறையில் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாரம் வெளியே நடக்கப் போனேன்.

இப்போது நோட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. அவனுடையது கிறுக்கல். நேற்றைய பக்கத்தில், "5.20. விளக்கு போட்டேன். துணி மடித்தோம். அப்பா என்னை அண்ணா என்று கூப்பிட்டார். சரி என்றேன். 7.00. அமைதி" என்று எழுதியிருந்தான்.